பஞ்சாரத்தின் மேல் அம்மிக்கல் வைத்தும் கோழி போகிறது

ஜூலை 4, மாலை (கேள்வி)

அண்ணே, 14 நாட்டுக்கோழி, கொல்லையில் 2 மூங்கில் பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை). அடைகிற நேரத்தில் கவிழ்த்து, உச்சியில் அம்மிக்கல் வைக்கிறோம். 10 நாளில் 5 போய்விட்டது. ஒன்று தலை மட்டும் இல்லாமல் பஞ்சாரத்துக்குள்ளேயே கிடந்தது. 2 கோழி இருந்த சுவடே இல்லை. மற்ற 2 முருங்கையில் ஏறிப் படுப்பவை, அவையும் இல்லை. மரநாயா, பாம்பா? பஞ்சாரத்தைச் சுற்றிக் கோழிவலை கட்டச் சொல்கிறார்கள். எத்தனை அடி வாங்கட்டும்?

ஜூலை 4, இரவு 9.40

கோழிவலை ஒரு அடிகூட வாங்க வேண்டாம். ஆறு மூலைக் கண் போட்ட அந்த வலை கோழியை உள்ளே நிறுத்தி வைக்கத்தான் ஆகும். வெளியே இருந்து வருவதை அது தடுக்காது. 22 கேஜ் கம்பியின் கனம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கண்களை முறுக்கித்தான் பின்னியிருக்கிறார்கள், பற்றவைக்கவில்லை. ஒரு முறுக்கு அறுந்தால் பக்கத்துக் கண்ணும் நெகிழ்ந்துவிடும். நாய் பல்லில் பிடித்து இழுத்தால் கிழிசல் நீண்டுகொண்டே போகும். ஒரு இஞ்ச் கண்ணில் எலி தாராளமாக நுழையும், சாரைக்குட்டியும் நுழையும்.

கேட்க வேண்டியது அரை இஞ்ச் வெல்ட்மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, சதுரக் கண். 18 கேஜ் கிடைத்தால் நல்லது. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி கனமாகும்: 18 என்றால் 1.2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6, 14 என்றால் 2. எண் பெரிதாக இருப்பதே உறுதி என்று நினைத்து 24 கேஜ் வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

இன்று இரவுக்கு மட்டும்: மிச்சமிருக்கும் 9 கோழியையும் வீட்டுக்குள்ளோ கதவு உள்ள அறையிலோ அடையுங்கள். ருசி கண்டது அடுத்த நாளும் வரும்.

ஜூலை 5, காலை

இப்போது, வந்தது எது என்பது. நீங்கள் சொன்னதில் 3 வேறு சாவு இருக்கிறது. ஒரே திருடன் என்று முடிவு கட்டாதீர்கள்.

தலை மட்டும் போனது: கோழி ஓரத்தை ஒட்டித்தான் உறங்கும். வெளியே ஏதாவது உராய்ந்தால் மிரண்டு, பின்னலின் சந்தில் தலையை நீட்டும். வெளியே நிற்பது அதைக் கவ்வி இழுக்கும். உடம்பு சந்தில் வராது, தலையும் கழுத்தும் மட்டும் போகும். இது மரநாய் அல்லது பூனை. உள்ளே வராமலேயே செய்துவிடும்.

சுவடே இல்லாமல் போனது: பெட்டைக் கோழியை முழுதாகத் தூக்க நாய், நரி, காட்டுப்பூனையால் முடியும். பஞ்சாரம் ஒரு பக்கம் நகர்ந்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெட்டையைச் சாரை விழுங்காது. குஞ்சு, முட்டை போயிருந்தால்தான் பாம்பைச் சந்தேகிக்க வேண்டும். குஞ்சு செத்துக் கிடந்து, தலையும் தோளும் எச்சிலில் நனைந்து சிறகு ஒட்டிப்போயிருந்தால் பாம்பு விழுங்கப் பார்த்துக் கக்கியது என்று பொருள்.

மரத்தில் இருந்து போனது: மரநாய் மரத்திலேயே திரிகிற பிராணி, முருங்கைக் கிளை அதற்குப் படிக்கட்டு. மலை, பாறை, ஓடை பக்கத்தில் இருந்தால் கொம்பன் ஆந்தையும் உண்டு.

பல கோழி கொல்லப்பட்டு, தின்னாமல் அங்கங்கே சிதறி, வலையும் கிழிந்து கிடந்தால் நாய். வளர்ந்த கோழியின் கால்விரலில் கடி, ரத்தம், மற்றபடி உயிரோடு இருந்தால் பெருச்சாளி அல்லது எலி. குஞ்சுகள் தினம் ஒன்றாகக் குறைந்து, சுவரோரம் புது மண் குவிந்திருந்தால் அந்த வளைக்குள்தான் போயிருக்கும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சாம்பல். அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்து, கூட்டைச் சுற்றி 2 அடி அகலத்துக்கு, விரல் நகக் கனம் தூவுங்கள். பனி விழுவதற்கு முன் தூவினால் காலையில் கட்டிப்போகும், அதனால் 9 மணிக்கு மேல் தூவுவது நல்லது. காலையில் கோழியைத் திறந்துவிடும் முன் பார்க்க வேண்டும். 4 விரல், நகம் பதியவில்லை: பூனை. 4 விரல், நகம் பதிந்திருக்கிறது: நாய் அல்லது நரி. 5 விரல்: மரநாய். சிறிய முன்காலில் 4, பின்காலில் 5, நடுவில் வால் இழுத்த கோடு: எலி அல்லது பெருச்சாளி. விரலே இல்லாமல் வளைந்த பட்டை: பாம்பு.

ஜூலை 5, மாலை

கீரியை விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கீரிக்கும் 5 விரல்தான். ஆனால் அது பகலில் திரிகிறது, இரவில் வளையில் இருக்கும். விடிந்தும் விடியாமலும் கூட்டைத் திறந்துவிட்டு மனிதர் மறுபடி படுக்கப் போகிற வீடுகளில்தான் கீரி வேலை செய்கிறது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறந்தாலே பாதி குறையும்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. மரநாய் நாய் இனமே அல்ல, புனுகுப்பூனையின் வகையறா. கருப்புச் சாம்பல் உடம்பு, நீள வால், பழம் தின்று கொட்டையோடு கழியும். ஓட்டின் மேல் விதை நிறைந்த கழிவு தினம் ஒரே இடத்தில் கிடந்தால் அதுதான். உடம்பில் புள்ளி வரிசையும் வளையம் வளையமாக வாலும் இருந்தால் அது தரையில் திரியும் புனுகுப்பூனை. மலைப் பக்கத்தில் தொண்டை மஞ்சளாக இருக்கும் இன்னொன்றையும் மரநாய் என்கிறார்கள், அது வேறு. நாட்டுப்புறத்தில் கோழிக்கு வருவது முதல் இரண்டும்தான்.

ஜூலை 7

"பஞ்சாரத்தைக் குறை சொல்லாதீர்கள், தலைமுறை தலைமுறையாக அதில்தான் அடைக்கிறோம்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். சரிதான். பஞ்சாரம் திண்ணையில் இருந்தது, திண்ணையில் ஆள் படுத்திருந்தார்கள், காலடியில் நாய் கிடந்தது. இன்று எல்லோரும் கதவைச் சாத்தி மின்விசிறிக்குக் கீழே படுக்கிறோம், பஞ்சாரம் மட்டும் தனியாகக் கொல்லைக்குப் போய்விட்டது.

பஞ்சாரமே போதும் என்கிறவர்கள் இவற்றைச் செய்ய வேண்டும்.

கல்லை உச்சியில் வைக்காதீர்கள். நாய் பஞ்சாரத்தின் விளிம்பில் மூக்கை விட்டுத் தள்ளும். மேலே கனம் இருந்தால் பஞ்சாரம் இன்னும் சுலபமாகச் சாயும், சாய்ந்ததும் கல் உருண்டு உள்ளே இருக்கும் கோழியின் மேலேயே விழும். கனம் விளிம்பில் இருக்க வேண்டும். சிமெண்ட் சாக்கில் பாதி மணல் நிரப்பி 4 மூட்டை, விளிம்பைச் சுற்றி அணைத்து வையுங்கள்.

தரை சிமெண்டாகவோ கடப்பாக்கல்லாகவோ இருக்க வேண்டும். மண் தரையில் பெருச்சாளி அடியில் வளை தோண்டி நடுவில் வந்து எழும்பும்.

பின்னலின் சந்துக்கு வெளிப்பக்கமாக அரை இஞ்ச் வெல்ட்மெஷைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் ஒரு சாண் இடைவெளியில் முறுக்குங்கள். வலையும் பின்னலும் ஒட்டிக்கொண்டிருந்தால் போதாது. நடுவில் 2 இஞ்ச் இடைவெளி வரும்படி மூங்கில் பத்தை கொடுத்தால்தான் நீட்டிய தலை வெளியே நிற்பதன் வாய்க்கு எட்டாது.

குஞ்சும் தாயும் 6 வாரம் வரை பஞ்சாரத்தில் இருக்கலாம். 9 பெரிய கோழிக்குப் பஞ்சாரம் வேண்டாம், கூடு வேண்டும்.

ஜூலை 9

கூடு. 12 கோழிக்குக் கணக்குப் போடுகிறேன், 9 இருக்கிறது, பெருகும்.

நீளம் 6 அடி, அகலம் 4 அடி, சுவர் உயரம் 4 அடி. தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்தி 6 கால். இரவு அடைய மட்டும் என்பதால் கோழிக்கு 2 சதுர அடி தாராளம். உள்ளே 4 அடி நீளத்துக்கு 2 கம்பு, ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி தள்ளி. ஒரு கம்பை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினால் எல்லாம் மேல் கம்புக்கே சண்டை போடும். கம்பு 2 இஞ்ச் கனம், மேல் விளிம்பை இழைத்து உருட்டிவிடுங்கள். ஒரு கோழிக்கு 8 இஞ்ச் போதும். இதில் முக்கியம், கம்பு எந்த வலைச் சுவரிலிருந்தும் ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தலை போனதற்குக் காரணம் அந்த ஒரு அடி இல்லாததுதான்.

பின்சுவர் பலகை அல்லது தகரம். முன்பக்கமும் 2 பக்கவாட்டும் வலை. தரையும் வலை. 4 அடி அகல ரோலில் முன்பக்கம் 6 அடி, பக்கவாட்டு 4 + 4, தரை 6, ஆக 20 அடி. மடிப்புக்கும் வெட்டுச் சேதத்துக்கும் 2 சேர்த்து 22 அடி வெட்டச் சொல்லுங்கள்.

வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடிக்க வேண்டும். உள்பக்கம் அடித்தால் வெளியே இருந்து தள்ளும் ஒவ்வொரு தள்ளும் ஆணியைப் பிடுங்குகிற தள்ளாகும். வெளிப்பக்கம் அடித்தால் அதே தள்ளு வலையைச் சட்டத்தில் அழுத்தும். முக்கால் இஞ்ச் யூ ஆணி, 4 இஞ்சுக்கு ஒன்று. 4 சட்டத்தின் சுற்றளவும் சேர்த்து 72 அடி, அடிக்கு 3 என்றால் 216. 250 வாங்குங்கள், வளைந்து போவது இருக்கும். மேஜையில் காகிதம் குத்துகிற மாதிரியான ஸ்டேப்ளர் பின்னை நம்ப வேண்டாம், மழைக்காலம் ஒன்றில் துருப்பிடித்துக் கையோடு வரும். ஆணி அடித்ததற்கு மேல் ஒரு இஞ்ச் ரீப்பரை (மெல்லிய மரச் சட்டம்) வைத்துத் திருகாணி போட்டுவிட்டால் நாய்கூடப் பிடுங்க முடியாது.

காலுக்குத் தகரக் குல்லா. தரையிலிருந்து 2 அடிக்குக் குறையாத உயரத்தில், பழைய எண்ணெய் டின்னை வெட்டி, புனல் கவிழ்த்த மாதிரி, காலைச் சுற்றி 9 இஞ்ச் வெளியே நீட்டும்படி. எலி காலில் ஏறி வந்து தகரத்தின் அடியில் முட்டிக்கொண்டு இறங்கிவிடும். ஏணியோ விறகோ செடியோ கூட்டில் சாய்ந்திருந்தால் குல்லாவுக்குப் பயனில்லை.

ஜூலை 12

திருத்தம். தரைக்கு அரை இஞ்ச் சதுரக் கண் என்று சொன்னது சரியில்லை. 2 பேர் எழுதியிருக்கிறார்கள்: எச்சம் கீழே விழாமல் கண்ணில் அப்பிக்கொள்கிறது, வாரத்துக்கு ஒருமுறை சுரண்ட வேண்டியிருக்கிறது, ஈரத்தில் நாற்றம், அம்மோனியா, கோழிக்குக் கண் எரிச்சல். எச்சத்தின் ஈரம் வலையின் பற்றவைப்புப் புள்ளிகளையும் தின்றுவிடும், தரை வலை ஒரு வருடத்தில் தொங்கும்.

தரைக்கு மட்டும் 1 × அரை இஞ்ச் நீள்சதுரக் கண், 14 கேஜ். ஒரு பக்கம் அரை இஞ்சாகவே இருப்பதால் எலியும் பெரிய பாம்பும் நுழையாது, நீள்பக்கத்தால் எச்சம் விழுந்துவிடும். கோழியின் பாதத்துக்கும் நல்லது. அடியில் அடிக்கு ஒரு ரீப்பர் குறுக்கே கொடுங்கள், இல்லையென்றால் 12 கோழியின் கனத்தில் நடுவில் குழியும். ஆகவே 18 கேஜ் அரை இஞ்ச் 16 அடி, 14 கேஜ் நீள்கண் 6 அடி என்று பிரித்து வாங்குங்கள்.

நாய்த் தொல்லை அதிகமுள்ள தெருவாக இருந்தால் முன்பக்க வலையின் கீழ்ப்பாதிக்கு மேல் ஒரு இஞ்ச் 12 கேஜ் வலை இன்னொரு அடுக்கு. அரை இஞ்ச் வலை சந்தை அடைக்கும், கனக் கம்பி பலத்தைத் தாங்கும்.

ஜூலை 13

கூட்டைத் தரையோடு வைக்கத்தான் இடம் இருக்கிறது என்பவர்களுக்கு: ஆழமாகக் குழி தோண்டி வலையைப் புதைப்பதை விட, வலையைச் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக மடக்கி, தரையில் ஒன்றரை அடி படுக்க விட்டு, மேலே 2 இஞ்ச் மண்ணும் ஓரமாகக் கல்லும் போடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே வலை நகத்தில் படும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டிப் பார்க்க அதற்குத் தோன்றாது. பெருச்சாளிக்கு இது போதாது, அது தூரத்திலிருந்தே வளை கொண்டு வரும். தரையில் 3 இஞ்ச் கான்கிரீட் போட்டால்தான் அதற்கு வழி அடைபடும்.

ஜூலை 16

கதவைப் பற்றி எழுதாமல் விட்டேன். வலையெல்லாம் சரியாக அடித்த கூட்டிலும் கோழி போவது கதவு வழியாகத்தான்.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விடும் சந்து அரை இஞ்சுக்கு மேல் இருக்கக் கூடாது. கீல் பக்கமும் பாருங்கள், அங்கேதான் கவனிக்க மாட்டோம். கதவு வெளியே திறக்க வேண்டும், உள்ளே சட்டத்தைச் சுற்றி ஒரு தடுப்பு ரீப்பர் இருக்க வேண்டும். அப்போது தள்ளினாலும் உள்ளே போகாது.

ஒற்றைக் கொக்கி போடாதீர்கள். கதவின் கீழ் மூலையை நாய் ஆட்ட ஆட்ட, வளையத்தில் மாட்டிய கொக்கி துள்ளி மேலே எழும்பிக் கழன்றுவிடும். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். நாதாங்கி போட்டால் அதன் துளையில் ஒரு ஆணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் செருகுங்கள், பூட்டு வேண்டியதில்லை.

மேலிருந்து கீழே இறக்கும் பலகைக் கதவு வைத்தவர்கள்: அடிப் பள்ளத்தில் மண்ணும் உமியும் சேர்ந்து கடைசி ஒரு இஞ்ச் இறங்காது. இருட்டில் இறங்கிவிட்டது என்றே தோன்றும். பள்ளத்தின் கீழ் முனையை மூடாமல் திறந்துவிடுங்கள், குப்பை தானாக விழுந்துவிடும்.

ஜூலை 20

பாம்பு பற்றி ஒரே நாளில் 7 கேள்வி.

மீன்வலை, நைலான் வலையைக் கூட்டைச் சுற்றித் தரையில் போடுவதை நிறுத்துங்கள். பாம்பு தலையை நுழைக்கும், செதில் பின்பக்கம் பார்த்து இருப்பதால் திரும்ப இழுக்க வராது, இழுக்க இழுக்க நூல் உடம்பை அறுக்கும். காலையில் முட்டை எடுக்கப் போகிற பெண்ணின் காலடியில் உயிரோடு சிக்கிய நல்லபாம்பு கிடக்கும். யாரும் கத்தியோடு போய் அறுத்துவிட முயல வேண்டாம். தீயணைப்பு நிலையத்தை 101-இல் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் 108, கட்டுப் போடாமல், கீறாமல், நேரே அரசு மருத்துவமனை.

ஒரு இஞ்ச் வலையில் நடப்பது வேறு. சாரை மெலிந்த உடம்போடு உள்ளே வந்துவிடும், முட்டையையோ குஞ்சையோ விழுங்கும், வயிறு வீங்கியதும் வந்த கண்ணில் திரும்ப நுழையாது. பாதி உடம்பு வெளியே, வீங்கிய பாதி உள்ளே. அரை இஞ்சில் இந்தத் தொல்லை இல்லை. அதில் நுழைகிற அளவு சிறிய பாம்பால் குஞ்சை விழுங்க முடியாது.

ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையைத் துணியில் கட்டித் தொங்கவிடுவது, கூட்டைச் சுற்றித் தூவுவது: செய்யவே செய்யாதீர்கள். 2020 கடைசியோடு அதற்குத் தடை வந்துவிட்டது. குருணையைக் கோழி தீனி என்று கொத்தும், 2 மணி கூடத் தாங்காது. வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் இன்னும் கேடு. ஆகாசகருடன் கிழங்கு கட்டுவதில் கேடு ஒன்றுமில்லை, ஆனால் அது தொங்குகிறது என்ற தைரியத்தில் சந்தை அடைக்காமல் விடாதீர்கள்.

பாம்பு முதலில் வருவது எலிக்கும் தவளைக்கும்தான். மாலையில் தீனித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள், சிந்திய கம்புத் தானியத்தையும் நொய்யையும் கூட்டுங்கள், தீனி மூட்டையைத் தகர டிரம்முக்கு மாற்றுங்கள். கூட்டைச் சுற்றி 10 அடிக்கு விறகு, கல், காய்ந்த மட்டைக் குவியல் எதுவும் வேண்டாம். இருட்டும் முன் முட்டையை எடுத்துவிடுங்கள். முட்டைக் குழிக்குள் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், பகலானாலும்.

ஜூலை 21

நேற்று "2 மணி கூடத் தாங்காது" என்று எழுதினேன். எத்தனை நேரம் என்பது தின்ற அளவைப் பொறுத்தது, அந்தக் கணக்கை எடுத்துவிடுகிறேன். கொல்லும் என்பதில் மாற்றமில்லை.

ஆகஸ்ட் 2

மரத்தில் ஏறும் கோழியைக் கூட்டுக்குப் பழக்குவது எப்படி? விரட்டிப் பிடிக்காதீர்கள். நன்றாக இருட்டிய பிறகு போங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, கிளையிலிருந்து பழம் பறிப்பது போல எடுக்கலாம். கூட்டில் கம்பின் மேலேயே உட்கார வையுங்கள், தரையில் விடாதீர்கள். முதல் 3 நாள் பகலிலும் உள்ளேயே வைத்துத் தீனி தண்ணீர் கொடுங்கள். நாலாம் நாள் மாலை 4 மணிக்கு மேல் திறந்துவிடுங்கள், தூரம் போக நேரமிருக்காது. இருட்டும் முன் கூட்டுக்குள் ஒரு கை கம்புத் தானியம் இறைத்து ஒரே குரலில் கூப்பிடுங்கள். 10 நாளில் பெரும்பாலானவை தானாக ஏறும். ஒன்றிரண்டு மட்டும் மரத்துக்கே போகும், அவற்றைத் தினம் எடுத்துப் போட வேண்டியதுதான். மரத்தின் கீழ்க்கிளையை வெட்டிவிட்டால் வேலை குறையும்.

ஆகஸ்ட் 3

விளக்கு போட்டால் வராதா என்றால், முதல் வாரம் வராது. அப்புறம் பழகிவிடும். ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சோலார் விளக்கு பரவாயில்லை, 4 நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். இரவு முழுக்க எரியும் குண்டு பல்பு வேண்டாம். பல்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும்.

ஆகஸ்ட் 16

நாய் வளர்க்கலாமா, கின்னிக்கோழி வளர்க்கலாமா என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

கின்னிக்கோழி நன்றாகக் கத்தும், புதியது எதைக் கண்டாலும் ஊரைக் கூட்டும். கத்தினால் எழுந்து வர ஆள் வேண்டும். அதுவும் மரத்தில் ஏறிப் படுக்கும், ஆகவே முதலில் போவதும் அதுவாகலாம்.

நாய் என்றால் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைத் துரத்திப் பிடிக்கவென்றே வளர்க்கப்பட்ட இனம், கோழி சிறகடித்து ஓடினால் பின்னால் ஓடாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலை. கோம்பை காவலுக்கு ஆகும். எந்த நாயானாலும் 2 மாதக் குட்டியிலிருந்தே கோழிக்கு நடுவில், கயிற்றில் கட்டி, தீனி வைக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்க வேண்டும். ஒரு வயது வரை தனியே விடக் கூடாது. குட்டி நாய் விளையாட்டில்தான் கோழியைக் கொல்கிறது. நரியும் மரநாயும் நாய் வாசனைக்கு விலகிப் போகும், பெருச்சாளியும் பாம்பும் போகாது. கூட்டின் சந்தை அடைத்த பிறகு நாய் நல்ல துணை.

செப்டம்பர் 8

"கண்ணி வைத்துப் பிடித்துவிட்டால் தொல்லை தீரும்" என்றும், அதைவிட மோசமாகக் கறியில் மருந்து வைக்கும் முறையும் இங்கே வந்த பதில்களில் எழுதப்பட்டிருந்தன. அந்த முறையை இங்கே திரும்ப எழுத மாட்டேன்.

மரநாய், காட்டுப்பூனை, நரி, உடும்பு, சாரை எல்லாம் 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கொன்றாலும் கண்ணி வைத்தாலும் வழக்கு. சட்டத்தை விடுங்கள். மருந்து வைத்த கறியைத் தின்பது முதலில் தெருநாய், பிறகு அதைக் கொத்தும் காகமும் பருந்தும். வயலில் எலியைத் தின்று நெல்லைக் காப்பது அதே சாரையும் அதே காட்டுப்பூனையும்தான். ஒரு மரநாயைப் பிடித்தாலும் அந்த இடத்துக்கு அடுத்தது வந்துவிடும், சந்து அங்கேயேதான் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டது இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது பற்றி ஒரே வரி: செத்துப்போனவர்களில் பலர் அந்த வீட்டுக்காரர்களேதான்.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. 3 வேலை.

மரக்கதவு நனைந்து உப்பும். உப்பினால் தாழ்ப்பாள் துளைக்கு நேரே வராது, ஆள் பாதி தள்ளிவிட்டுப் போய்விடுவார். துளையை இப்போதே அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்துங்கள்.

வளையில் தண்ணீர் ஏறினால் எலி, பெருச்சாளி, பாம்பு எல்லாம் மேட்டுக்கு வரும், கூடு மேட்டில்தான் இருக்கும். குல்லாவைச் சரிபாருங்கள்.

நேரம். மதுரைப் பக்கம் ஜூலையில் 6.45 வாக்கில் சூரியன் மறையும், நவம்பர் கடைசியில் 5.55 வாக்கில். 50 நிமிடம் முன்னால் வந்துவிடுகிறது, ஆனால் வீட்டில் பழக்கம் பழைய நேரத்திலேயே ஓடும், "7 மணிக்குப் பால் வாங்கப் போகும்போது சாத்திக்கொள்ளலாம்" என்று. மழை மூட்டத்தில் கோழி இன்னும் முன்னதாக அடையும். இருட்டுக்கும் கதவு சாத்துவதற்கும் நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஐப்பசி கார்த்திகையில் கோழி போகிறது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கடைசிக் கோழி கம்பில் ஏறியதும் எண்ணுங்கள், எண்ணி முடித்ததும் சாத்துங்கள். எண்ணிக்கை குறைந்தால் அப்போதே தேடலாம், காலையில் தேடிப் பயனில்லை. தானாக மூடும் கதவு வைத்திருப்பவர்கள் டைமரை மாதம் ஒருமுறை திருத்துங்கள். வெளிச்சத்தை உணர்ந்து மூடும் வகையானாலும் எண்ணுவதை விடாதீர்கள், கதவு மூடியபோது ஒன்று வெளியே நின்றிருக்கும்.

நவம்பர் 3

ஜூலையில் முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: கூடு முடிந்து 2 மாதம், கோழி 17 ஆகிவிட்டது (12-க்குக் கட்டிய கூடு தம்பி, சேவல்களை விற்றுவிடுங்கள்), ஒன்றும் போகவில்லை. தகரக் கூரை வெயிலில் காய்கிறது என்று பழைய நாட்டு ஓடு போட்டிருக்கிறார். காலையில் ஓட்டின் மேல் விதை விதையாகக் கழிவு, கீழே சாம்பலில் 5 விரல் தடம். "தினம் வந்து சுற்றிவிட்டுப் போகிறது, ஓட்டுக்கு என்ன செய்ய?"

கூரையைப் பற்றி நான் போதுமான அளவு எழுதவில்லை. மரநாய்க்கு ஓட்டை மூக்கால் நெம்பி நகர்த்துவது தெரிந்த வேலை. ஒரு ஓடு ஒரு விரல் அகலம் விலகினால் போதும், அங்கேயே மறுநாளும் வேலை செய்யும். ஓட்டைச் சிமெண்டில் பூசினால் வெயிலில் வெடிக்கும், உள்ளே காற்றும் போகாது. ஓட்டை இறக்கி, வரிச்சின் மேல் அரை இஞ்ச் வலையை இறவாரம் வரை இழுத்து, இறவாரத்தில் கீழே மடக்கிச் சுவர்ச் சட்டத்தோடு ஆணி அடியுங்கள். கூரை சுவரை விட ஒவ்வொரு பக்கமும் 6 இஞ்ச் நீண்டிருந்தால் 5 × 7 அடி. 4 அடி ரோலில் 7 அடித் துண்டு 2, நடுவில் ஒரு சாணுக்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கட்டும், கட்டுக்கம்பியால் தையல் போடுங்கள். பிறகு ஓட்டை வழக்கம் போல அடுக்கலாம். எந்த ஓடு புரண்டாலும் அடியில் வலை இருக்கும்.

அதுவரை இன்று இரவு ஓட்டின் மேல் மணல் மூட்டை 4. கூரைக்கு மேல் தொங்கும் முருங்கைக் கிளையை வெட்டியாகிவிட்டதா?